டில்லி ஆபீஸ் சுவரிலிருந்த சிரிப்பு

சுதந்திரம் வந்த மறுவருஷத்து ஐப்பசி. மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. சாந்தோம் கோயிலில் முதல் பூசை முடிந்து வந்தவர்கள் அல்போன்சாவின் வீட்டு வாசலில் ஆப்பத்துக்குக் காத்து நின்றார்கள். ரேஷன் அரிசியில் ஆப்பம் மெத்தென்று வராதுதான். ஆனாலும் அவள் கை பட்டால் நடு வீங்கி, ஓரம் மொறுமொறுவென்று வந்துவிடும். தேங்காய்ப்பாலில் ஏலக்காயைத் தட்டிப்போட்டு ஒரு கரண்டி ஊற்றிக் கொடுத்தால் மழையாவது குளிராவது.

கூட்டம் குறைந்த பிறகுதான் விக்டர் வந்தான். அல்போன்சாவின் மகள் ஆலிசுக்கு நிச்சயம் செய்திருக்கும் பையன். கோயில் பள்ளிக்கூடத்தில் ஆலிஸ் டீச்சர். அவன் மத்திய சர்க்கார் ஆபீசில் குமாஸ்தா. கடற்கரையோரம் ஒரு வெள்ளைக்கார வியாபாரி கட்டிய பழைய பங்களாவைச் சர்க்கார் வாங்கி அந்த ஆபீசை வைத்திருந்தது. சாந்தோமில் எல்லாருக்கும் அது டில்லி ஆபீஸ். தை பிறந்ததும் கல்யாணம்.

"அத்தே, எங்க ஆபீஸ்ல நேத்து ஒரு அதிசயம்" என்றான் குடையை மடக்கியபடி. "பெரிய ஹால்ல ரெண்டு பீரோ கெடந்துச்சில்ல, மிலிட்டரிக்காரன் காலத்துலேருந்து யாரும் தொடவே இல்ல. நேத்து எல்லாரும் சேந்து நவுத்தினோம். பின்னாடி செவுரு பூரா படம்!"

"இன்னா படம்? சாமி படமா?" என்றாள் அல்போன்சா, மாவைச் சட்டியில் ஊற்றிச் சுழற்றிக்கொண்டே.

"சாமி இல்ல, நம்ம கடற்கரை. கட்டுமரம், வலை, தூரத்துல நம்ம கோயில் கோபுரம். மீன்காரப் பொம்பளைங்க கூடையத் தூக்கிக்கினு வரிசையா வராங்க. முன்னாடி ஒரு பொண்ணு, பொடவைய முட்டிவரைக்கும் ஏத்திச் சொருகிக்கினு, கையில ஒரு மீனைத் தூக்கிப் புடிச்சிக்கினு சிரிக்குது பாருங்க, வாய் கொள்ளாத சிரிப்பு! பாத்தா நமக்கும் சிரிப்பு வந்துடும்."

அல்போன்சா சட்டியை மூட மறந்தாள். ஆப்பம் கருகும் வாசனை வந்தபிறகுதான் கை அசைந்தது.

"கட்டடத்துல பழசா இருக்கிறது எதையும் இடிக்கக் கூடாது, அழிக்கக் கூடாதுன்னு டில்லியிலேருந்தே உத்தரவு" என்று விக்டர் உற்சாகமாகத் தொடர்ந்தான். "எங்க சூப்ரிண்டெண்டு வர்ற ஞாயித்துக்கெழம வீட்டு ஜனங்களை எல்லாம் கூட்டிட்டு வந்து காட்டச் சொல்லிட்டாரு. நீங்க, மாமா, ஆலிஸ் எல்லாரும் வரணும். எங்கம்மாவும் வராங்க."

எங்கம்மாவும் வராங்க என்ற சொல்லைக் கேட்டதும் அல்போன்சா கருகிய ஆப்பத்தையே அவன் தட்டில் எடுத்து வைத்தாள்.

விஷயம் இதுதான். அந்தப் பங்களாவில் அல்போன்சாவின் அப்பா பட்லராக இருந்தவர். அவள் பிறந்து வளர்ந்தது அங்கே பின்கட்டில். துரையின் தங்கை ஒருத்தி சீமையிலிருந்து வந்து தங்கியிருந்தபோது சாப்பாட்டு ஹாலின் சுவரில் ஒரு குளிர்காலம் பூராவும் படம் எழுதினாள். கீழே மீன்காரப் பெண்கள், மேலே வானம். முன்னால் நிற்கிறவளுக்கு மட்டும் பட்லர் மகளின் முகத்தை வைத்துவிட்டாள். ஒருநாள் சமையற்கட்டு வாசலில் அல்போன்சா சிரித்ததைப் பார்த்துவிட்டாளாம். அப்போது அல்போன்சாவுக்குப் பத்தொன்பது வயது. முட்டிவரை புடவையை அவள் வாழ்நாளில் ஏற்றிச் சொருகியதில்லை. அது அந்த அம்மாவின் கற்பனை. ஆனால் படத்தில் இருக்கிறதே! அப்பா பார்த்துவிட்டு ஆடாத ஆட்டம் ஆடினார். அந்த வருஷமே பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்த்து, மர பாலிஷ் மேஸ்திரி ராஜநாயகத்துக்குக் கட்டிக்கொடுத்துவிட்டார். படத்தைப் பற்றி யாரிடமும் வாயைத் திறக்கக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டார். அவளும் திறக்கவில்லை, புருஷனிடம்கூட.

விக்டரின் அம்மா நோரா டீச்சர் அபிராமபுரத்தில் குடியிருக்கிறவள், பள்ளிக்கூடத் தலைமையாசிரியை. புருஷன் போன பிறகு ஒற்றையாக நின்று மகனை ஆளாக்கியவள். கஞ்சிபோட்ட வெள்ளைப் புடவையில் ஒரு மடிப்பு கலைந்து யாரும் பார்த்ததில்லை. நிச்சயத்தன்று ஆலிஸ் எதற்கோ கலகலவென்று சிரித்துவிட, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு சொன்னாள்: "சிரிப்பும் அளவோட இருக்கணும்மா." அதோடு வீடே கப்சிப்.

மத்தியானம் மீன்கூடையோடு வந்த செண்பகத்திடம் அல்போன்சா எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தாள். செண்பகம் குப்பத்துக்காரி, இவளைவிட நாலைந்து வயசு மூத்தவள். சின்ன வயசில் அந்தப் பங்களாவுக்கே மீன் கொண்டுபோனவளாதலால் அல்போன்சா அறிந்தவரை ஊரில் விஷயம் தெரிந்த ஒரே ஆள் அவள்தான்.

"அடிப்பாவி, அது இன்னும் கீதா!" என்று செண்பகம் கன்னத்தில் கைவைத்தாள். "நான் சோல்ஜருங்க சொரண்டிப் போட்ருப்பானுங்கன்னுல்ல நெனச்சிக்கினு இருந்தேன்!"

"சிரிக்காதக்கா. அந்த டீச்சரம்மா பாத்துதுன்னா கல்யாணம் நின்னு பூடும். பொண்ணோட அம்மா முட்டியக் காட்டிக்கினு சர்க்கார் ஆபீஸ்ல நிக்கிறான்னா எந்த சம்பந்தி ஒத்துக்குவா?"

"இப்ப பிரச்சினை மூஞ்சியா, முட்டியா?"

"ரெண்டும்தான்."

"ஒண்ணு பண்ணு. கட்டுமரத்துக்குப் பூசற தாரு கீது எங்கூட்ல. ஒரு கொட்டாங்கச்சி எடுத்துக்கினு வரேன். முட்டி மேல ஒரு இழுப்பு, மூஞ்சி மேல ஒரு இழுப்பு. ஜோலி முடிஞ்சிது."

"சர்க்கார் செவுத்துல தாரு பூசினா ஜெயில்ல போடுவான்க்கா."

"அப்ப போயி ஆபீசர் கையில நேரா சொல்லு. கோயிலுக்குப் போற பொம்பள, கும்புட்டுக் கேட்டா வெள்ளை அடிக்க மாட்டானா?"

அந்த யோசனை அல்போன்சாவுக்குப் பிடித்துவிட்டது.

மறுநாள் மாப்பிள்ளைக்கு டிபன் கொண்டுபோகிற சாக்கில் தூக்குவாளியோடு கிளம்பினாள். முந்தானையை இழுத்து, பூசைக்குப் போகிற மாதிரி தலையோடு முகத்தையும் பாதி மூடிக்கொண்டாள். வழியெல்லாம் சொல்லவேண்டியதை மனசுக்குள் ஒத்திகை பார்த்தபடியே நடந்தாள்: 'ஐயா, குடும்பப் பொண்ணுங்க வந்துபோற எடம். இந்த மாதிரி படம் ஆகாது. ஒரு வெள்ளை அடிச்சிடுங்க.'

பங்களாவுக்குள் அவள் காலடி வைத்தே காலம் ஆகியிருந்தது. தேக்குப் படிக்கட்டு அதே வளைவோடு ஏறிப்போனது. படிக்கட்டுக்கு மேலிருந்த கலர்க் கண்ணாடி வழியாகச் சிவப்பும் பச்சையுமாக வெளிச்சம் விழுந்து, அடுக்கியிருந்த பைல்களுக்கெல்லாம் பண்டிகைக் களை வந்திருந்தது. விக்டர் மாடியில் வேலையாக இருந்தான். பியூன் அவளை ஹாலில் நிற்கச் சொல்லிவிட்டுப் போனான்.

நிமிர்ந்தாள்.

படத்தில் நல்ல வெயில். கடல் நீலமாக இல்லாமல் நம்ம கடல் மாதிரியே கொஞ்சம் பழுப்பும் பச்சையுமாக இருந்தது. நடுவில் அவள், தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்துக்கொண்டு. மேல்வரிசைத் தெத்துப்பல்லைக்கூட அந்த வெள்ளைக்கார அம்மா விட்டுவைக்கவில்லை. அந்தப் பல்லை மறைக்கவே கல்யாணமான நாளாய் வாயில் கைவைத்துச் சிரித்துப் பழகியவள் அல்போன்சா. சுவரில் அந்தப் பல்தான் முதலில் கண்ணில் பட்டது. பார்த்துக்கொண்டே நின்றாள். இவ்வளவு லட்சணமாகவா இருந்தோம் என்று தோன்றி, தோன்றியதற்காக வெட்கமும் வந்தது.

"பாருங்கம்மா, நல்லாப் பாருங்க" என்று பின்னாலிருந்து குரல். சூப்ரிண்டெண்டு மாணிக்கவாசகம். சட்டைப்பையில் இரண்டு பேனாவும் கையில் காப்பி டம்ளருமாக, குழந்தை மாதிரி முகம் நிறைய சந்தோஷத்தோடு நின்றார். "நானும் ரெண்டு நாளா காலையில வந்ததும் மொதல்ல இங்கதான் நிக்கிறேன். இந்த அம்மா வெளியில வந்ததுலேருந்து ஹால்ல ஒருத்தர்கூட ஒருத்தர் மேல எரிஞ்சு விழல, தெரியுமா? பாத்துக்கோங்கன்னு டில்லியில சொன்னாங்க. சொல்லலைன்னாலும் நான் பாத்துக்குவேன். ஆமா, நீங்க யாரைப் பாக்கணும்?"

அல்போன்சா வாயைத் திறந்தாள்.

"ஐயா... இந்தப் பக்கத்து ஜன்னல் வழியா சாரல் அடிக்கும். சாத்தி வைக்கச் சொல்லுங்க. செவுரு ஊறிப்போச்சின்னா படம் கெட்டுப் பூடும்."

"அடடா, நல்லாச் சொன்னீங்க!" என்று அவர் பியூனைக் கூப்பிட்டார்.

தூக்குவாளியை மேஜைமேல் வைத்துவிட்டு அல்போன்சா வெளியே வந்து மழையில் நின்றபோதுதான், என்ன கேட்க வந்தோம், என்ன கேட்டோம் என்று உறைத்தது. முந்தானைக்குள்ளேயே சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அந்தச் சுவர்மேல் யாராவது வெள்ளையடிக்க வந்தால் இனி அவளே சட்டுவத்தோடு குறுக்கே நிற்பாள் போலிருந்தது.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை ஓடிவந்துகொண்டிருந்தது. மறைக்க முடியாது என்று ஆனபிறகு சொல்லித்தானே ஆகவேண்டும்? முதலில் புருஷனிடம்.

சாயங்காலம் ராஜநாயகம் வேலை முடிந்து வந்தார். எவ்வளவு தேய்த்துக் கழுவினாலும் போகாத பாலிஷ் கறை உள்ளங்கையில். வாசலில் கைகால் கழுவிவிட்டு உட்கார்ந்தார். மாங்காய் போட்ட நெத்திலிக் குழம்பு. இரண்டு வாய் சாப்பிடும்வரை பொறுத்திருந்துவிட்டு அல்போன்சா ஆரம்பித்தாள்.

"இன்னாங்க, ஒண்ணு சொல்லணும். கோவப்படக் கூடாது. டில்லி ஆபீஸ் செவுத்துல ஒரு படம் கீதாம்..."

"தெரியும்."

"விக்டர் சொல்லிட்டாரா?"

"அந்தப் பையன் இன்னாத்த சொல்றது? சிரிக்கிறது நீதான்னு எனக்குத் தெரியும்" என்று சொல்லி, முள்ளை எடுத்து ஓரமாக வைத்தார். "கொழம்பு கொஞ்சம் ஊத்து."

அல்போன்சாவின் கையில் அகப்பை அப்படியே நின்றது.

"எப்டித் தெரியும்?"

"அந்தப் படிக்கட்டுக்கு பாலிஷ் போட்டது யாரு? நானில்ல? உங்க நைனா என்னிய சமையக்கட்டுப் பக்கமே வுடல. கீழ்ப்படியில குந்திக்கினு தேய்ப்பேன். நிமிந்தா எதிர்ல நீ சிரிச்சிக்கினு இருப்ப. ஒரு வாரத்து வேலைய ஒரு மாசம் தேச்சேன். தொரையே வந்து கேட்டுட்டாரு, போதும்யா, படிக்கட்டு தேஞ்சிடப் போவுதுன்னு."

"சாமியார் சொல்லித்தானே பொண்ணு கேட்டு வந்தீங்க?"

"சாமியார் கையில சொன்னது யாரு?"

உள்ளே பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்த ஆலிஸ் பேனாவை வைத்துவிட்டுக் கதவோரம் வந்து நின்றாள்.

"இத்தினி வருசமா ஏன் சொல்லல?" என்றாள் அல்போன்சா. குரலில் கோபமா, வேறு ஏதாவதா என்று அவளுக்கே தெரியவில்லை.

"நீ சொல்லல. சரி, உனக்குப் புடிக்கல போலன்னு வுட்டுட்டேன். அப்பறம், முட்டியப் பாத்துட்டுத்தான் கட்டிக்கினு வந்தான்னு நெனச்சிக்குவியோன்னு ஒரு பயம்."

"பாக்கலியா?"

ராஜநாயகம் சற்று யோசித்தார். "பாத்தேன்."

அவள் அகப்பையை ஓங்க, அவர் தட்டை எடுத்துக்கொண்டு சுவரோரம் நகர, ஆலிஸ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"முழுசாக் கேளு" என்றார் அவர். "சண்டைக்காலத்துல ஊரே காலி பண்ணிக்கினு ஓடுச்சே, அப்ப பங்களாவ மிலிட்டரி எடுத்துக்கிச்சி. சாமான் நவுத்த என்னியக் கூப்ட்டாங்க. போயி பாத்தா சோல்ஜருங்க செவுத்துமேல கத்தி எறிஞ்சி வெளாடிக்கினு இருக்கானுங்க. அடுத்த செவுரு இதுதான். ரெண்டு பீரோவையும் அது முன்னாடி நான்தான் தள்ளி வெச்சேன். இப்பதான் பாலிஷ் போட்டது, நல்லாக் காயணும், யாரும் தொடக் கூடாதுன்னு சொல்லிட்டு வந்தேன்." தண்ணீரைக் குடித்துவிட்டுச் சொன்னார்: "சண்டை முடிஞ்சி வெள்ளைக்காரனும் போயிட்டான். அது இன்னும் காய்ஞ்சிக்கினே இருந்துச்சி."

அல்போன்சா சட்டியைக் கையில் எடுத்தாள். இருந்த குழம்பையெல்லாம் அவர் தட்டிலேயே ஊற்றிவிட்டாள்.

"டீச்சரம்மாவுக்கு இன்னா சொல்றது?" என்று கடைசியில் கேட்டாள்.

"உள்ளதச் சொல்லு. அவங்களா கண்டுபுடிக்கிறதுக்கு முன்னாடி நீயே சொல்லிடு."

ஞாயிற்றுக்கிழமை மழை கொஞ்சம் ஓய்ந்திருந்தது. டில்லி ஆபீஸ் தோட்டத்தில் தண்ணீர் தேங்கி, குழந்தைகள் காகிதக் கப்பல் விட்டுக்கொண்டிருந்தார்கள். குமாஸ்தாக்களின் பெண்டாட்டிகள் பட்டுப்புடவையில் வந்து, அன்றாடம் புருஷன் உட்கார்ந்து எழுதும் மேஜையைத் தொட்டுத்தொட்டுப் பார்த்தார்கள். மாணிக்கவாசகம் கல்யாண வீட்டுக்காரர் மாதிரி வாசலில் நின்று எல்லாரையும் வரவேற்றார். "நானும் பாக்கணும்" என்று செண்பகமும் தலைக்கு எண்ணெய் வைத்துச் சீவி, நல்ல புடவை கட்டிக் கூடவே வந்துவிட்டாள்.

நோரா டீச்சர் கறுப்புக் குடையை ஊன்றிக்கொண்டு, மகனுடன் ஹாலுக்குள் வந்தாள். படிக்கட்டைப் பார்த்தாள். கலர்க் கண்ணாடியைப் பார்த்துத் தலையசைத்தாள். சுவர் முன்னால் வந்து நின்றாள்.

அல்போன்சா மாதாவை நினைத்துக்கொண்டாள். முந்தானையை முகத்திலிருந்து எடுத்துவிட்டு நேராகப் போனாள்.

"டீச்சரம்மா, நானே சொல்லிடறேன். அந்தச் சிரிக்கிற பொண்ணு நான்தான். எங்க நைனா இங்க பட்லரா இருந்தாரு. பொடவை அந்தப் படம் எழுதின வெள்ளைக்காரம்மா கற்பனை, நான் அப்டிக் கட்டினதே இல்ல. ஆனா சிரிப்பு என்னுதுதான்."

விக்டர் வாயைப் பிளந்தான். படத்தையும் அத்தையையும் மாறி மாறிப் பார்த்தான். நோரா டீச்சர் மட்டும் இவள் பக்கம் திரும்பவே இல்லை. கோபம் என்றுதான் அல்போன்சா நினைத்தாள். கவனித்தபோதுதான் தெரிந்தது, டீச்சரின் பார்வை சிரிக்கிறவள் மேலேயே இல்லை. அவளுக்கு அடுத்து நிற்பவள்மேல் இருந்தது.

இதெதுவும் தெரியாமல் செண்பகம் ஆலிசின் கையைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொருத்தியாகக் காட்டிக்கொண்டே வந்தாள்.

"கடைசியில கூடைய எறக்குறாளே, அது எங்க சித்தி. பக்கத்துல கீறது கொட்டிவாக்கத்துலேருந்து வருவா, பேரு மறந்துட்டேன். தோ, உங்கம்மா பின்னாடி வாயத் தொறந்துக்கினு, கைய நீட்டி பேசிக்கினு கீறாளே, அது சூசையம்மா. அவகிட்ட பேசி ஜெயிக்க இந்தக் கடலோரத்துலயே ஆள் கெடையாது."

"சூசையம்மாவா? உங்களுக்கு நல்லாத் தெரியுமா?" என்றாள் நோரா டீச்சர். குரல் அவள் குரலாகவே இல்லை.

"தெரியாமயா? அவகூட கூடை தூக்கினவதானே நானு. ஒரே பொண்ண செங்கல்பட்டுப் பக்கம் மடத்துல வுட்டுப் படிக்க வெச்சா. எம்பொண்ணு டீச்சர் ஆவப்போறான்னு மீன் வாங்க வர்றவங்க, போறவங்க ஒருத்தர் பாக்கி இல்ல, எல்லார் கையிலயும் சொல்லுவா. பாவம், பாக்கறதுக்கு முன்னாடி காய்ச்சல்ல போயிட்டா. அந்தப் பொண்ணு இன்னா ஆச்சோ."

"ஆயிட்டா" என்றாள் நோரா. "டீச்சராத்தான் ஆனா."

செண்பகம் திரும்பி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு சுவரைப் பார்த்தாள். "அட மாதாவே!" என்று இந்துவான அவள் வாயிலிருந்தே வந்துவிட்டது.

"அம்மா?" என்றான் விக்டர்.

"உங்க பாட்டிடா. உன்கிட்ட நான் சொன்னதே இல்ல. மீன்காரி மகள்னு யாராவது கொறைச்சலா பேசிடுவாங்களோன்னு மொதல்ல சொல்லல, அப்புறம் சொல்லாமலேயே பழகிப்போச்சு." கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டாள். "ஒரு போட்டோகூட கெடையாது. கண்ண மூடினா கூடைதான் வரும், முகம் வராது. இப்போ பாரு, முழுசா நிக்கிறாங்க."

ராஜநாயகம் ஒரு நாற்காலியை இழுத்துவந்து டீச்சருக்குப் பின்னால் போட்டார். அவள் உட்காரவில்லை.

"சம்பந்திம்மா" என்று அல்போன்சாவின் கையைப் பிடித்தாள். முதல்தடவையாக அந்தச் சொல். "எங்கம்மா ஏதோ பேசிட்டிருக்காங்க, நீங்க அதுக்குத்தானே சிரிக்கிறீங்க? என்ன சொன்னாங்க, ஞாபகம் இருக்கா?"

இத்தனை நாளும் தன் முகத்தையே நினைத்துக்கொண்டிருந்த அல்போன்சா அப்போதுதான் அடுத்தவள் முகத்தைப் பார்த்தாள். நீட்டிய கை, ஒரு பக்கம் கோணிய வாய். சமையற்கட்டு வாசல், காலை வெயில், வெள்ளை உடுப்பில் அப்பா என்று எல்லாம் ஒன்றாகத் திரும்பி வந்தன.

"எங்க நைனா மீனைத் தூக்கி மோந்து பாத்தாரு. 'கண்ணு மங்கிக் கீதே சூசையம்மா, நேத்து மீனா?'ன்னு கேட்டாரு." அல்போன்சா இடுப்பில் ஒரு கையை வைத்து, மறுகையை நீட்டிக்கொண்டாள். குரலே மாறிவிட்டது. "உங்கம்மா சொன்னாங்க, 'மீனு இன்னிக்குப் புடிச்சதுதான் பட்லரே. காலங்காத்தால உம் மூஞ்சில முழிச்சிதுல்ல, அதான் அதுக்குக் கண்ணு மங்கிப் போச்சி!'"

நோரா டீச்சர் நிமிர்ந்து சுவரில் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். அளவில்லாத சிரிப்பு. குடை கீழே விழுந்தது, கண்ணாடி நழுவியது, கஞ்சிப் புடவை கசங்கியது. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு, கண்ணீர் வழிய வழியச் சிரித்தாள். "எங்கம்மாதான், எங்கம்மாவேதான், இப்படித்தான் பேசும்" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். செண்பகமும் ஆலிசும் சேர்ந்துகொண்டார்கள். அந்தச் சத்தத்தில் வாசலிலிருந்து மாணிக்கவாசகம் என்னவோ ஏதோவென்று ஓடிவந்தார். விஷயம் தெரியாமலே அவரும் சிரிக்க ஆரம்பித்தார்.

ஆபீஸ் கதவைச் சாத்தும் நேரம்வரை யாரும் அங்கிருந்து நகரவில்லை. புறப்படும்போது நோரா டீச்சர் மாணிக்கவாசகத்திடம், "சார், தை மாசம் கல்யாணம். பொண்ணு மாப்பிள்ளையைக் கோயில்லேருந்து நேரா இங்கதான் கூட்டிட்டு வருவோம். எங்கம்மாகிட்ட ஆசீர்வாதம் வாங்கணும்" என்றாள்.

"தாராளமா வாங்க. கதவைத் தெறந்து வெச்சுக்கிட்டு நானே நிப்பேன்" என்றார் அவர்.

தெருவுக்கு வந்ததும் மழை பிடித்துக்கொண்டது. இருந்தது ஒரே குடை. சம்பந்திகள் இருவரும் அதற்குள் நுழைந்துகொண்டார்கள். ராஜநாயகமும் ஆலிசும் செண்பகமும் ஓட்டமும் நடையுமாக முன்னால் போய்விட்டார்கள். "எங்கம்மா இருக்கே சம்பந்திம்மா, அது ஒருநாள் என்ன பண்ணுச்சு தெரியுமா..." என்று நோரா ஆரம்பித்தாள். கோயில் திருப்பம் வந்தது, ஆப்பக்கார வீட்டுத் தெருவும் வந்தது, பேச்சு நிற்கவில்லை. குடைக்கு வெளியே தொப்பலாக நனைந்துகொண்டு, ஒரு வார்த்தைகூட விட்டுவிடாமல் கேட்டுக்கொண்டே நடந்தான் விக்டர்.